ஆபரேஷன்ல வயித்துக்குள்ள மாப் விட்டு தைச்சுட்டாங்க, இது சிக்கலா தப்பா?

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவுக்கு வயசு 51, கர்ப்பப்பையில கட்டி, உதிரப்போக்கு நிக்கலன்னு உங்க ஊர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வயித்தைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்காங்க. வீட்டுக்கு வந்த நாள்ல இருந்தே அடிவயித்துல வலி, விட்டு விட்டு காய்ச்சல், ஏழு தடவை அதே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருக்கீங்க, ஒவ்வொரு தடவையும் வயித்துல வாயுன்னு சொல்லி, தையல் ஆறுற வலின்னு சொல்லி, கடைசியில அம்மாவுக்கு பயம் ஜாஸ்தின்னு சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்காங்க. 11 மாசம் கழிச்சு வேற ஊர்ல சி.டி. ஸ்கேன் எடுத்தப்பதான் உள்ள மாப், அதாவது ஆபரேஷன்ல உள்ள வைக்கிற காஸ் துணி, இருக்கிறது தெரிஞ்சு, மறுபடி வயித்தைத் திறந்து, அது குடலோட ஒட்டிப் போயிருந்ததால குடல்லயும் ஒரு துண்டு வெட்டி எடுத்திருக்காங்க. பழைய ஆஸ்பத்திரியில போய்க் கேட்டா "எங்க ரெக்கார்டுல கவுண்ட் கரெக்ட்னு இருக்கு, ஆபரேஷன்னா சிக்கல் வரத்தான் செய்யும், நீங்கதான கையெழுத்து போட்டீங்க"ங்கிறாங்க. கேஸ் போட்டா நிக்குமான்னு நீங்க கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "அம்மா வலிக்குதுன்னு சொன்னப்ப சும்மா சொல்லாதீங்கன்னு நானும் திட்டிட்டேன்"னு எழுதினீங்களே, நீங்க நெஜமா கேக்கறது அதைத்தான்னு எனக்குப் படுது. இது யார் தப்பு, இதுல எங்க தப்பும் இருக்கா, அதான கேள்வி?

நான் 29 வருஷம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரா இருந்தவ, 21 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில, மிச்சம் தனியார்ல, இப்ப ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கேன். டாக்டர் இல்ல, வக்கீலும் இல்ல. உங்க அம்மாவோட கேஸ் ஷீட்டை நான் பாக்கல, அதனால அன்னிக்கு அந்த தியேட்டர்ல யார் கை தவறுச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா மாப் எண்றது, அவங்க சொல்ற அந்த கவுண்ட், என் வேலையா இருந்துச்சு. அதைப் பத்தி பேச எனக்கு தகுதி இருக்குன்னு நினைக்கிறேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். மாப்பை உள்ள வச்சு தைக்கிறது சிக்கல் இல்ல, தப்பு. கர்ப்பப்பை ஆபரேஷன்ல சிக்கல்னு நெஜமாவே சில விஷயம் இருக்கு, சிறுநீரகத்துல இருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாய் கர்ப்பப்பை ஓரத்துல ஒட்டுன மாதிரி போகும், எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனுக்கும் அதுல ஒரு தடவை காயம் பட்டுடலாம், ரத்தம் ஜாஸ்தி போகலாம், தையல்ல சீழ் வைக்கலாம். இதெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டது, எல்லாத்தையும் தடுத்துட முடியாது. ஆனா மாப் நோயாளியோட உடம்புல இருந்து வர்றது கிடையாதே, நாங்க கையால எண்ணி உள்ள வச்சது, நாங்களே எண்ணி வெளிய எடுத்தாகணும். அதுக்கு திறமை கூட வேண்டாம் தம்பி, ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும். அதனாலதான் இந்த ஒரு விஷயத்துல நான் ஆஸ்பத்திரி பக்கம் நின்னு பேச மாட்டேன்.

எப்படி உள்ள மாட்டுதுன்னு சொல்றேன், இது தெரிஞ்சா அவங்க சொல்ற பதில்ல எது பொய்னு உங்களுக்கே புரியும். வயித்தைத் திறந்து கர்ப்பப்பை எடுக்கும்போது டேபிளைத் தலைப்பக்கம் கொஞ்சம் சாய்ச்சு வைப்போம், அப்பவும் குடல் வழுக்கி வழுக்கி கீழ வந்துட்டே இருக்கும், சர்ஜனுக்கு இடுப்புக்குள்ள எதுவும் தெரியாது. அதனால பெரிய மாப்பை சூடான சலைன்ல நனைச்சுப் பிழிஞ்சு ரெண்டு மூணை குடல் மேல வச்சு மேல்பக்கமா ஒதுக்கி அடைச்சிடுவாங்க. மாப்னா ஏதோ சின்ன பஞ்சு இல்ல, நாலஞ்சு மடிப்பா தைச்ச காஸ் துணி, விரிச்சா பெரிய கைக்குட்டை அளவு வரும். ஆனா ரத்தத்துல ஊறிட்டா ஒரு கைப்பிடிக்குள்ள சுருங்கிடும், நிறமும் வழவழப்பும் குடல் மாதிரியே ஆயிடும், பக்கத்துல வச்சுப் பாத்தா கூட எது துணி எது குடல்னு சட்டுனு தெரியாது. அதுக்காகத்தான் மாப்போட மூலையில ஒரு நாடா வச்சு தைச்சிருப்பாங்க, அந்த நாடாவை வெளிய விட்டு நுனியில ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்ங்கிற இடுக்கி ஒண்ணை மாட்டித் தொங்க விடணும். நல்ல மாப்ல எக்ஸ்ரேல தெரியிற நூல் ஒண்ணும் ஓடும். ஆனா எத்தனையோ சின்ன நர்சிங் ஹோம்ல இன்னிக்கும் காஸ் துணியை வாங்கி, ஆயாவும் தியேட்டர் பையனும் உக்காந்து வெட்டி மடிச்சு, டிரம்ல போட்டு ஆட்டோகிளேவ் பண்ணி, அதாவது நீராவியில கிருமி நீக்கித்தான் ஓட்றாங்க, அதுல நாடாவும் இருக்காது, நூலும் இருக்காது, ஒரு கட்டுல அஞ்சா ஆறான்னு கூட யாருக்கும் நிச்சயம் கிடையாது.

எண்றதுக்கு ஒரு முறை இருக்கு. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி டிராலில நின்னு சர்ஜனுக்கு கருவி கொடுக்கிற சிஸ்டரும், கீழ நின்னு வெளிய இருந்து சாமான் எடுத்துத் தர்ற சிஸ்டரும் சேந்து ஒவ்வொண்ணா பிரிச்சு, வாய்விட்டு எண்ணி, போர்டுல எழுதணும். நடுவுல புதுசா கட்டு பிரிச்சா அதையும் எண்ணி போர்டுல ஏத்தணும். வயித்தை மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, தோல் தையல் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணணும். நடுவுல சிஸ்டர் மாறினா போறவங்க வர்றவங்ககிட்ட எண்ணி ஒப்படைக்கணும். 2008ல உலக சுகாதார நிறுவனம் கொண்டு வந்த ஆபரேஷன் செக்லிஸ்ட்ல மொத்தம் 19 விஷயம், அதுல நோயாளி தியேட்டரை விட்டுப் போறதுக்கு முன்னாடி நர்ஸ் சத்தமா சொல்ல வேண்டியதுல இந்த கவுண்ட்டும் ஒண்ணு. டெல்லி உட்பட 8 ஊர் ஆஸ்பத்திரியில அந்த லிஸ்ட்டை சோதிச்சுப் பாத்தப்ப ஆபரேஷனுக்கு அப்புறம் சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்குச்சுன்னு 2009ல கட்டுரை வந்துச்சு. ஒரு பேப்பரும் வாய்விட்டு சொல்றதும், அவ்வளவுதான் செலவு.

"கவுண்ட் கரெக்ட்னு எழுதியிருக்கு"ன்னு அவங்க சொல்றதுக்கு வருவோம். அந்த வார்த்தையை நான் ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருக்கேன். சர்ஜன் "சிஸ்டர், கவுண்ட்?"னு கேப்பார், "கரெக்ட் சார்"னு வாய் தானா சொல்லும். வேலைக்கு சேந்த ரெண்டாவது வருஷம், ஒரு நாள் அஞ்சாவது கேஸ், மதியம் சாப்பிடல, காலெல்லாம் வீங்கிப் போச்சு, நான் எண்ணாமலே கரெக்ட்னு சொல்லிட்டேன். அந்தம்மாவை வார்டுக்கு அனுப்பின அப்புறம்தான் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. ஓடிப் போய் எடுத்த மாப்பைப் போடற பக்கெட்டைக் கவுத்து எண்ணினேன், சரியாத்தான் இருந்துச்சு, ஆனாலும் அந்தம்மா டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் ட்யூட்டி முடிஞ்சதும் வார்டுக்குப் போய் காய்ச்சல் சார்ட்டை பாத்துட்டுதான் வீட்டுக்குப் போனேன். எதுக்கு இதை சொல்றேன்னா, ரெக்கார்டுல கரெக்ட்னு இருக்கிறது எண்ணினதுக்கு சாட்சி இல்ல. 2003ல அமெரிக்காவுல இந்த மாதிரி பொருள் உள்ள விட்ட 54 பேரோட கேஸை எடுத்து ஆராய்ச்சி பண்ணினாங்க, அதுல கவுண்ட் எடுத்த கேஸ்கள்ல 88 சதவீதத்துல கடைசி கவுண்ட் சரின்னுதான் எழுதியிருந்துச்சாம். அவசர ஆபரேஷன், நடுவுல திட்டம் மாறுறது, நோயாளி உடம்பு பருமனா இருக்கிறது, இந்த மூணுலயும்தான் ஆபத்து கூடுதல்னும் அதுல வந்துச்சு. அதனால அந்த வரியைக் காட்டி உங்களை வாயடைக்க விடாதீங்க. வயித்துல இருந்து துணி வந்திருக்கு, அப்ப கவுண்ட் கரெக்ட் இல்ல, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் அவங்களுக்கும் நியாயமா சொல்லணும். எண்றவங்க சொன்னாலும் கேக்கற ஆள் வேணும். 98வாக்குல ஒரு ராத்திரி, அவசர சிசேரியன், குழந்தை எடுத்த அப்புறம் ரத்தம் நிக்கவே இல்ல, மாப் மேல மாப் போட்டு அடைக்கிறாங்க, நடுவுல சிஸ்டர் மாறி நான் உள்ள வந்தேன். மூடற நேரத்துல எண்ணினா ஒண்ணு குறையுது. சர்ஜன் அம்மா நல்லவங்கதான், ஆனா விடிகாலை மூணு மணி, "நீ எண்ணினது தப்பா இருக்கும், நூல் குடு"ன்னு கையை நீட்டினாங்க. நான் நூலைக் கொடுக்கல. "மேடம் ஒண்ணு இல்ல"ன்னு மட்டும் திருப்பித் திருப்பி சொன்னேன், தொண்டை வறண்டு போச்சு. ஆயா பக்கெட்டைக் கவுத்துட்டா, டேபிளுக்கு அடியில, துணி மடிப்புல எல்லாம் தேடியாச்சு, இல்ல. கடைசியில அவங்க கையை உள்ள விட்டு மேல வரைக்கும் துழாவினாங்க, இடதுபக்கம் மண்ணீரல் கிட்ட இருந்து வந்துச்சு. அவங்க ஒண்ணுமே பேசல, நானும் பேசல, நூலை எடுத்துக் கொடுத்தேன். அன்னிக்கு என் இடத்துல மூணு மாச கோர்ஸ் முடிச்சுட்டு வந்த ஒரு பொண்ணு நின்னிருந்தா கொடுத்திருப்பா, சர்ஜன் கேட்டா மாட்டேன்னு சொல்ற துணிவு அந்த சம்பளத்துக்கு வராது. சின்ன ஆஸ்பத்திரிங்கள்ல டிராலில நிக்கிறதுக்கே ஒரு ஆள்தான், கீழ எண்ண ரெண்டாவது ஆள் கிடையாது, சர்ஜன் வெளியூர்ல இருந்து வந்து மூணு நாலு கேஸ் முடிச்சுட்டு அடுத்த ஊருக்கு ஓடணும். உங்க கேஸ்லயும் அப்படித்தான் நடந்துச்சுன்னு நான் சொல்லல, ஆனா அன்னிக்கு தியேட்டர்ல யார் யார் இருந்தாங்க, அவங்க பதிவு பண்ணின நர்ஸா, ரெண்டு பேர் எண்ணினாங்களான்னு நீங்க எழுத்துல கேக்கணும்.

இப்ப கொஞ்சம் சந்தேகமான பகுதி. ஏழு தடவை போனதுல எந்தத் தடவை அவங்க கண்டுபிடிச்சிருக்கணும்? முதல் தடவையே தெரிஞ்சிருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். பருத்தித் துணி உடம்புல கரையாது, உடம்பு அதை ரெண்டு விதமா எதிர்க்கும், ஒண்ணு சீழ் கட்டி சீக்கிரமே காய்ச்சல் வரும், இல்லன்னா சுத்தி கூடு கட்டி மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல கூட சத்தமில்லாம கெடக்கும். அம்மாவுக்கு ரெண்டும் கலந்து நடந்த மாதிரி தெரியுது. சாதாரண வயித்து ஸ்கேன்ல வாயு மறைச்சா தவறிப் போகலாம், சி.டி.ல அனேகமா தெரிஞ்சிடும், துணி மடிப்புக்குள்ள காத்து குமிழ் குமிழா நிக்கிறது ஸ்பாஞ்ச் மாதிரி தெரியும். ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் ஆகியும் காய்ச்சலும் வலியும் விடாம இருந்தா வயித்துக்குள்ள ஏதோ இருக்குன்னு நினைச்சு தேடறதுதான் முறை. ரெண்டாவது மூணாவது தடவைக்கு மேல வாயு மாத்திரை கொடுத்து அனுப்பினதை என்னால ஏத்துக்க முடியல. ஆனா இது என் அனுபவத்துல சொல்ற கருத்து. மாப் உள்ள இருந்தது மாதிரி இதுவும் தன்னால நிரூபணம் ஆயிடாது, ஒரு சர்ஜன் எழுத்துல சொன்னாத்தான் எடுபடும்.

கையெழுத்து விஷயம். நீங்க போட்ட கையெழுத்து ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னு கொடுத்த அனுமதி, கவனக்குறைவா இருந்துக்கோங்கன்னு கொடுத்தது இல்ல. அனுமதிக்கே எல்லை உண்டு, சோதனைக்காகன்னு சம்மதம் வாங்கிட்டு மயக்கத்துல இருந்த பெண்ணுக்கு கர்ப்பப்பையை எடுத்த ஒரு கேஸ்ல 2008ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லி நஷ்ட ஈடு கொடுக்க வச்சுது. உள்ள துணி விட்ட கேஸும் கோர்ட்டுக்குப் புதுசு இல்ல, 1963ல அவுரங்காபாத்ல அரசு ஆஸ்பத்திரியில குடும்பக் கட்டுப்பாடு பண்ணின ஒரு பெண்ணோட வயித்துல துண்டை விட்டுட்டாங்க, அவங்க இறந்துட்டாங்க, அது 1996 வரைக்கும் இழுத்து சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்சுது. அங்க யார் விட்டாங்கன்னு தனி ஆளைக் காட்ட முடியலன்னாலும் விட்டதே கவனக்குறைவுதான், ஊழியர் தப்புக்கு நிர்வாகமும் பொறுப்புன்னு சொன்னாங்க. எல்லா மருத்துவ கேஸுக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லன்னு 2010ல இன்னொரு தீர்ப்பும் இருக்கு. இதனாலதான் உங்க கேஸ் நிக்கும்னு நான் நம்பறேன், எவ்வளவு கிடைக்கும், எப்ப கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது.

நாளை மட்டும் கடத்தாதீங்க, இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். நுகர்வோர் சட்டத்துல ரெண்டு வருஷம்தான் கெடு. மாப் கண்டுபிடிச்ச நாள்ல இருந்துதான கணக்குன்னு நினைச்சு நிம்மதியா இருந்துடாதீங்க. ஒரு அம்மாவுக்கு 1993ல பித்தப்பை ஆபரேஷன்ல காஸ் துணியை உள்ள விட்டதா புகார், ஒம்பது வருஷம் வலி மாத்திரை போட்டே ஓட்டி, 2002ல சி.டி. எடுத்து ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, 2004ல கேஸ் போட்டாங்க. வலி அப்பவே இருந்துச்சே, ஏன் அப்பவே விசாரிக்கலன்னு சொல்லி 2010ல சுப்ரீம் கோர்ட் கெடு தாண்டிடுச்சுன்னு தள்ளிடுச்சு. அந்த அம்மாவே ஒரு நர்ஸ். உங்க நிலைமை அவ்வளவு மோசம் இல்ல, ஏழு தடவை போனதுக்கு சீட்டு இருக்கு, ஆனாலும் முதல் ஆபரேஷன் தேதியில இருந்தே எண்ணுங்க. 14 மாசம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப 10 மாசம்தான் மிச்சம்.

அதுக்கு முன்னாடி காகிதம். பழைய ஆஸ்பத்திரிக்கு, போய்ச் சேந்ததுக்கு அத்தாட்சி கிடைக்கிற தபால்ல ஒரு கடிதம், கேஸ் ஷீட், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்து சார்ட், நர்ஸ் நோட்ஸ், கவுண்ட் ஷீட், சம்மதப் படிவம் எல்லாத்துக்கும் நகல் வேணும்னு அம்மா பேர்ல கையெழுத்தோட அனுப்புங்க. கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும், மூணு வருஷம் வரைக்கும் வச்சிருக்கணும்னு 2002 மருத்துவ ஒழுக்க விதியிலேயே இருக்கு. கவுண்ட் ஷீட்டே இல்லன்னு வந்தா அதுவும் உங்களுக்கு சாதகம்தான். ரெண்டாவது ஆஸ்பத்திரியில சி.டி. படமும் ரிப்போர்ட்டும், ஆபரேஷன் நோட்ஸும், எடுத்த துணியை லேப்ல சோதிச்ச பேத்தாலஜி ரிப்போர்ட்டும் வாங்குங்க, துணியை ஃபோட்டோ எடுத்திருந்தா அதையும் கேளுங்க. அப்புறம் யாரும் நினைக்காத ஒண்ணு, முதல் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட். அம்மாவுக்கு குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருக்குன்னு எழுதியிருக்கீங்க, அவங்க வக்கீல் முதல்ல அதைத்தான் பிடிப்பார், இந்தத் துணி அப்ப விட்டதுன்னு. ஆபரேஷனுக்கு முந்தின ஸ்கேன்ல கர்ப்பப்பை கட்டியைத் தவிர வேற எதுவும் இல்லன்னு இருந்தா அந்த வாய் பெரும்பாலும் அடைஞ்சிடும். பீரோவுல தேடுங்க, இல்லன்னா ஸ்கேன் சென்டர்ல நகல் கேளுங்க.

எங்க போறதுன்னா, மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் உங்களுக்கு சரியான இடம். நீங்க கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸே கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம், ஆனா மருத்துவ கேஸ் பாத்த ஒரு வக்கீலை வச்சுக்கோங்க. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்ல டாக்டர் மேல புகார் கொடுக்கலாம், அங்க பணம் கிடைக்காது, அவர் பதிவு மேல நடவடிக்கைதான். ஆஸ்பத்திரியில தகுதியான ஆள் இருக்காங்களாங்கிற கேள்விக்கு மாவட்ட ஜே.டி. ஆபீஸ்ல, அதாவது மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல மனு கொடுங்க. போலீஸ் கேஸ் வேற ரகம், கிரிமினல் கேஸுக்கு சாதா கவனக்குறைவு போதாது, படுமோசமான கவனக்குறைவா இருக்கணும், வேற டாக்டர் கருத்து வாங்கித்தான் நடவடிக்கை எடுக்கணும்னு 2005லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதுலயே சுத்தி சுத்தி நாளைத் தொலைச்ச குடும்பங்களை நான் பாத்திருக்கேன். சொந்தக்காரங்க நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் சத்தம் போடலாம்னு யாராவது சொன்னா தடுத்துடுங்க, ஆஸ்பத்திரியைத் தாக்கறதைத் தடுக்கிற 2008 தமிழ்நாட்டு சட்டப்படி ஆஸ்பத்திரியில கை வச்சா உங்க மேலதான் கேஸ், நியாயம் உங்க பக்கம் இருந்ததெல்லாம் அப்புறம் யாரும் பேச மாட்டாங்க. அவங்களா கூப்பிட்டு ஒரு தொகை தர்றோம்னு சொன்னா பேசுங்க, அதுல அவமானம் இல்ல, ஆனா வக்கீல் பாக்காம எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து வேண்டாம்.

நீங்க திட்டினது. டாக்டர் ஏழு தடவை ஒண்ணுமில்லன்னு சொன்னா பெத்த பிள்ளையும் நம்பத்தான் செய்யும், உங்களுக்கு வேற என்ன வழி இருந்துச்சு? கடைசியில கடன் வாங்கி வேற ஊருக்கு கூட்டிட்டுப் போனதும் நீங்கதானே. அந்தத் துணியைக் கண்டுபிடிச்சதே நீங்க கூட்டிட்டுப் போனதாலதான். ஆனா அம்மாகிட்ட ஒரு தடவை வாய்விட்டு சொல்லிடுங்க, "நீங்க சொன்னது நெஜம்தான், நான் நம்பியிருக்கணும்"னு. எங்க வார்டுல எத்தனையோ அம்மாங்க வலியை விட, பொய் சொல்றான்னு நினைக்கிறாங்களேன்னுதான் அழுதாங்க.

இன்னொண்ணு, கேஸ் வேலையில இதை மறந்துடாதீங்க. ரெண்டு தடவை வயித்தைத் திறந்து குடலும் வெட்டின உடம்பு, உள்ள குடல் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு அடைப்பு வர்ற வாய்ப்பு பல வருஷத்துக்கு இருக்கும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்தும் மலமும் போகாம நின்னுட்டா அது வெறும் வாயு இல்ல, விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் சர்ஜன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த டிஸ்சார்ஜ் சம்மரியோட கிளம்பிடுங்க. அந்த சம்மரிக்கு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணை அம்மா பையிலேயே வச்சிடுங்க.